காரைக்குடியில் வாங்கிய ராட்சத சோமாசிக் கரண்டி: கொல்லர் அளவுக் கருவிகளோடு உங்களுக்கு என்ன அனுபவம்?

ஊர்க்குருவி:
போன மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். வட்டமான இரும்புத் தகடு, நடுவில் ஆணி, ஒரு சாண் நீளத்துக்குக் கைப்பிடி. தகடு சுழலும். கடைக்காரர், "செட்டியார் வீட்டு சோமாசிக் கரண்டி சார், கல்யாணத்துக்குன்னே பெருசா அடிச்சது" என்றார். இதை வைத்து வெட்டினால் சோமாசி தலையணை அளவுக்கு வரும். சிரித்துக்கொண்டே பேரம் பேசினேன்.

பக்கத்தில் பித்தளைச் சாமான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் "கொடுங்க தம்பி" என்று என் கையிலிருந்து வாங்கினார். தகட்டின் ஓரத்தில் அரம் போட்ட கீறல் ஒன்று உண்டு. அதில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார். அப்படியே குந்தி உட்கார்ந்து, அங்கே கிடந்த அண்டாவின் விளிம்பில் உருட்டினார். உதடு மட்டும் அசைந்தது. தொடங்கிய இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, "மூணே கால்" என்றார். என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். நான் காசு கொடுத்துச் சில்லறை வாங்கித் திரும்புவதற்குள் தெருவில் ஆள் இல்லை.

வீட்டில் தையல் டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றளவு சரியாக 24 இஞ்ச். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்ட, ஓரத்தில் உருட்டிச் சுற்றை எண்ணி அளக்கும் சக்கரம் இது, வெள்ளைக்காரக் கொல்லர்கள் டிராவலர் என்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஓரத்தில் மொத்தம் மூன்று கீறல்கள், சம இடைவெளியில் இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுதான் உறுத்துகிறது.

கரிச்சட்டை:
எங்கள் தாத்தா பட்டறையில் இந்தச் சக்கரமெல்லாம் கிடையாது, கயிறுதான். வட்டையை, அதாவது சக்கரத்தின் மர விளிம்பை, சுற்றிக் கயிறு பிடித்து, முடிச்சுப் போட்டு, அதையே நீட்டிப் பட்டையில் வைத்துச் சாக்பீஸ் கோடு போடுவார்.

ஒரு ஐப்பசியில் அளந்த கயிற்றைக் கொட்டகை ஓரத்தில் மாட்டிவிட்டார்கள். ராத்திரி சாரல். காலையில் அந்த ஈரக் கயிற்றை வைத்தே பட்டையை வெட்டினார்கள். எருவாட்டி அடுக்கி வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, நான்கு பேர் குறடு போட்டுத் தூக்கி வந்து சக்கரத்தில் வைத்தால் பாதிவரைதான் இறங்கியது. சம்மட்டியால் அடிக்க அடிக்க ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் எழும்புகிறது. வட்டை குபுகுபுவெனப் புகைய ஆரம்பித்தது. தாத்தா "தண்ணிய ஊத்தாதீங்கடா, ஊத்தாதீங்கடா" என்று கத்துகிறார். என்னிடம் குடம். எனக்குப் பத்து வயது, நெருப்பைப் பார்த்த பயம், ஊற்றிவிட்டேன். பட்டை பாதி வழியில் இறுகிப்போய் இரண்டு ஆரக்கால் முறிந்தது. வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. முறிந்த ஆரக்காலை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

மூலைமட்டம்:
கரிச்சட்டை, கயிற்றின் மேல் பழி போடாதீர்கள். நார்க்கயிறு நனைந்தால் சுருங்கும், சரி. ஆனால் உங்கள் தாத்தா தடிமனைக் கணக்கில் சேர்த்தாரா? பட்டையை வளைக்கும்போது உள்பக்கம் அமுங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுக்கோடு மட்டும் மாறாது. அதனால் சக்கரத்தின் சுற்றளவோடு தடிமனைப் போல மூன்று மடங்கும் கொஞ்சமும் கூட்ட வேண்டும். அரை இஞ்ச் பட்டைக்கு ஒன்றரை இஞ்சுக்குச் சற்று மேல். அதை விட்டால் காய்ந்த கயிறும் காப்பாற்றாது. பதினைந்தடி வளையம் சிவக்கக் காய்ந்தாலே ஏறக்குறைய ஒன்றரை இஞ்சுதான் நீளும். பற்றவைக்க ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நீளம் தனி. இத்தனையும் கூட்டிய பிறகுதான் இறுக்கத்துக்காகக் கழிப்பார்கள்.

என் அனுபவம் சின்னது: இப்படி ஒரு சக்கரத்தை நானே செய்து முதல் தடவை கெடுத்தேன். ஆணியை இறுக்கி அடித்துவிட்டேன், தகடு சுழலாமல் சறுக்கியது.

செய்ய நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். 3 மில்லிமீட்டர் தகடு போதும். விட்டம் 191 மில்லிமீட்டர் வைத்தால் சுற்றளவு 600 வரும், கணக்குப் போட எளிது. கவராயத்தை 95.5-க்குத் திறந்து வட்டம் போடுங்கள். கோட்டுக்கு வெளியே வெட்டி, கோடுவரை அரத்தால் ராவுங்கள். ஓரத்தை ரொம்பக் கூராக்க வேண்டாம், மரத்தில் பதியும். ரிவிட் அடிக்கும்போது தகட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் அட்டைத் துண்டு வையுங்கள், அடித்த பிறகு கொளுத்திவிட்டால் சுழல இடம் கிடைக்கும். கடைசியில் சிமெண்ட் தரையில் பத்துச் சுற்று உருட்டுங்கள். 6 மீட்டர் வர வேண்டும். 6 மீட்டர் 1 சென்டிமீட்டர் வந்தால் விட்டத்தில் 0.3 மில்லிமீட்டர் அதிகம், ராவுங்கள். குறைந்தால் புதுத் தகடு.

கம்பிகேட்:
மேலே எல்லாம் வளையத்தைப் பற்றி. என்னுடையது நேர்க்கம்பி.

மாமனார் வீட்டு கேட்டுக்கு முறுக்கு வேலை வேண்டாம், சும்மா காய்ச்சி அடித்துச் சதுரமாக்கிய கம்பி போதும் என்றார்கள். பன்னிரண்டு கம்பி, தலைக்கு மூன்றடி. ஒவ்வொன்றையும் சூட்டோடு சூடாக ஸ்டீல் டேப் பிடித்து வெட்டினேன். கிரகப்பிரவேசத்தன்று காலையில் மாட்டினால் ஒவ்வொரு கம்பியும் மூன்று நூல் குட்டை (ஒரு நூல் அரைக்கால் இஞ்ச்). கீழ்ச்சட்டத்துத் துளையில் நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வருகிறவர்கள் கேட்டைத் தள்ளும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். மாமனார் ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நன்றாகக் காய்ந்த இரும்பு அடிக்கு ஒரு நூல் நீண்டிருக்கும் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அன்று தெரிந்தது. டேப் முனையும் நீலம் பாய்ந்து போச்சு. இப்போது பித்தளைப் பட்டைதான் வைத்திருக்கிறேன். துருப்பிடிக்காது, கரிக்கு நடுவிலும் கோடு கண்ணுக்குத் தெரியும்.

ஆதித்தச்சன்:
24 என்பது தற்செயல் இல்லை. நம் சிற்ப நூல்களில் முழக்கோல் 24 அங்குலம். அந்தச் சக்கரம் நம் ஆட்கள் செய்ததுதான், வெள்ளைக்காரன் காப்பியடித்தான்.

மூலைமட்டம்:
ஐயா, ஸ்தபதிகள் கோலில் 24 அங்குலம் என்பது 33 இஞ்ச். அவர்கள் அங்குலம் ஒரு இஞ்ச் இல்லை, ஒன்றே காலரைக்கால் இஞ்ச். இவர் சக்கரம் 24 இஞ்ச், அதாவது நேராக இரண்டு இங்கிலீஷ் அடி. பெயர் ஒன்று, நீளம் வேறு.

கரிச்சட்டை:
மூலைமட்டம் சார், தாத்தா தடிமனைச் சேர்த்தார். அவர் நாற்பது வருடம் பட்டை கட்டியவர். தப்பு கயிற்றை நனையவிட்டதிலும் குடத்தைக் கவிழ்த்ததிலும்தான். குடம் என் கையில் இருந்தது.

ஊர்க்குருவி:
சண்டை வேண்டாம். நேற்று ஊருக்குப் போனேன். மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த பழைய சக்கரம் ஒன்றைச் சுற்றி உருட்டிப் பார்த்தேன். ஏழு சுற்று, அப்புறம் இரண்டாவது கீறலுக்கு ஒரு நூல் முன்னால் நின்றது. மறுபடி உருட்டினேன், அதே இடம். எங்கள் பக்கத்துச் சக்கரங்களுக்கென்றே யாரோ போட்ட கீறலா, இல்லை நானாக அப்படி நினைத்துக்கொள்கிறேனா தெரியவில்லை. அடுத்த வாரம் பக்கத்து ஊரில் இரண்டு சக்கரம் இருக்கிறதாம், போய் உருட்டிவிட்டுச் சொல்கிறேன்.