மறுஇயல்பாக்கல் குழு: நாமே நுழைத்த அளவுகோலோடு மாறும் பிணைப்பு மாறிலிக்கு இயற்பியல் பொருள் உண்டா?

கேள்வி:
வணக்கம். குவாண்டம் மின்னியக்கவியலில் (மின்னூட்டத் துகள்களும் ஒளியும் வினைபுரிவதை விளக்கும் கோட்பாடு) கணக்கீட்டில் எழும் முடிவிலிகளை நீக்கும்போது மியூ என்ற ஆற்றல் அளவுகோலை நாமே நுழைக்கிறோம். அளக்கப்படும் எதுவும் அதைச் சார்ந்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையிலிருந்தே மறுஇயல்பாக்கல் குழுச் சமன்பாடு பிறக்கிறது. அப்படியிருக்க, விருப்பம்போல் மாற்றத்தக்க ஓர் எண்ணோடு சேர்ந்து மாறும் பிணைப்பு மாறிலியை (விசையின் வலிமையைக் குறிக்கும் எண்) வைத்துக்கொண்டு, உயர் ஆற்றலில் மின்விசை வலுக்கிறது என்று எவ்வாறு கூற முடிகிறது? கணக்கு புரிகிறது, மனம்தான் ஒப்பவில்லை.

மறுமொழி 1:
இவ்விடத்தைப் பாடநூல்கள் பலவும் அவசரமாகக் கடந்துவிடுகின்றன. மோதலின் ஆற்றலைக் கியூ எனக் கொண்டால், பிணைப்பு மாறிலியின் அடுக்குகளாக எழுதப்படும் தொடரின் உறுப்புகளில் கியூவுக்கும் மியூவுக்கும் உள்ள விகிதத்தின் மடக்கை தோன்றும். முழுத் தொடரையும் கூட்ட முடிந்தால் மியூ அறவே மறைந்துவிடும். நாமோ இரண்டு மூன்று உறுப்புகளோடு நிறுத்திவிடுகிறோம். மியூவைக் கியூவுக்கு அருகில் வைத்தால் மடக்கைகள் சிறுத்து, அவற்றின் விளைவு பிணைப்பு மாறிலிக்குள் அடங்கிவிடும். ஆகவே மியூவின் தேர்வு நம் வசதிக்காக. கியூவோடு வரும் மாற்றம் இயற்கையினுடையது. தாழ் ஆற்றலில் 1/137 ஆக இருக்கும் மின்காந்தப் பிணைப்பு, இசட் போசான் என்ற துகளின் நிறைக்கு நிகரான 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஏறத்தாழ 1/128 ஆகிறது. வெற்றிடத்தில் தோன்றி மறைந்து மின்னூட்டத்தைத் திரையிடும் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணைகளை மட்டும் கணக்கிட்டால் இது 1/134.5 அளவிலேயே நின்றுவிடும்; எஞ்சியது பிற மின்னூட்டத் துகள்களின் பங்கு.

மறுமொழி 2:
மேற்கண்டது 1954இல் கெல்-மானும் லோவும் வகுத்த வழி. 1971இல் கென்னத் வில்சன் முன்வைத்த பார்வை வேறு. இரண்டையும் கலப்பதாலேயே குழப்பம் வருகிறது என்பது என் கருத்து. குறுகிய அலைநீள ஏற்ற இறக்கங்களைப் படிப்படியாகத் தொகையிட்டு நீக்கினால், எஞ்சியவற்றின் பிணைப்புகள் மாறியே தீர வேண்டும். (கணிதத்தில் 'குழு' என்றால் ஒவ்வொரு செயலையும் மீட்கும் எதிர்ச்செயல் இருக்க வேண்டும்; நீக்கியதை மீட்க முடியாததால் இதற்கு அப்பெயரே பொருந்தாது.) நீரின் மாறுநிலைப் புள்ளியும் (திரவமும் ஆவியும் வேறுபாடு இழக்கும் நிலை) ஓரச்சுக் காந்தமும் (ஒரே அச்சில் மட்டும் காந்தமாவது) ஒரே நிலைப்புள்ளியை, அதாவது மேலும் நீக்கினாலும் பிணைப்புகள் மாறாத இடத்தை, நோக்கிச் செல்வதால் ஒரே அடுக்குகளைப் (மாறுநிலையை நெருங்கும்போது அளவுகள் எவ்வாறு மாறும் என்பதைக் குறிக்கும் எண்கள்) பெறுகின்றன. ஒட்டுறவு நீளத்தின் (ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும் தொலைவு) அடுக்கு, ஏற்ற இறக்கங்களைப் புறக்கணிக்கும் சராசரிப் புலக் கோட்பாட்டில் 0.5, உண்மையில் 0.63, வில்சனும் ஃபிஷரும் 1972இல் கையாண்ட, வெளியின் பரிமாணம் நான்கிலிருந்து குறையும் அளவிலான விரிவாக்கம் முதற்படியிலேயே 0.583 தருகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் பீட்டா சார்பின் (அளவுகோலோடு பிணைப்பு மாறும் வீதம்) கெழுக்களும் முடிவிலிகளை நீக்க நாம் தேரும் முறையைப் பொறுத்தவையா?

மறுமொழி 1:
ஒரே பிணைப்பு உள்ள கோட்பாட்டில், நிறையைச் சாராத முறைகளில் முதல் இரண்டு கெழுக்கள் மாறுவதில்லை, மூன்றாவதிலிருந்து மாறும்.