'பிள்ளை'கள் பற்றிய ஆய்வேடுகள் எங்கே தேடலாம்?

வணக்கம். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வாழ்ந்த 'பிள்ளை' குடும்பங்கள் பற்றிய எம்.ஏ., பிஎச்.டி. ஆய்வேடுகளை எப்படித் தேடுவது, யாராவது சொல்லுங்களேன். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளை மட்டுமல்ல, கிராணி (எழுத்தர்) வேலை பார்த்த சாதாரண ஆட்கள் வரை வேண்டும். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் பெயரைப் போட்டால் ஆய்வு செய்தவர், வழிகாட்டிய பேராசிரியர் என்று எல்லாரும் பிள்ளையாகவே வந்து நிற்கிறார்கள், தேடுகிற ஆள் மட்டும் வரக்காணோம்! ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை ஒய் என்று மாற்றினால் (Pillay) தேடல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விடுகிறது. சரி, தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேட வழி உண்டா? பெயரோடு வேறு என்ன சொல் சேர்க்கலாம், கோயிலா, தொழிலா? அப்புறம் இன்னொன்று: இப்போது கோலாலம்பூரில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் இங்கே சிங்கப்பூரில், புக்கிட் தீமாவில்தானே தொடங்கியது, அந்தக் காலத்து ஆய்வேடுகளை என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக) நூலகத்தில் கேட்பதா, கோலாலம்பூருக்கு எழுதுவதா? பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.