குப்பைக் கட்டணத்தை கூட்டி சாப்பாட்டுக் கழிவுக்குன்னு ஒதுக்கினா நீங்க குடுப்பீங்களா?

பார்வதிபுரத்துக்காரன்:
நாகர்கோவில்ல வீட்டுத் தீர்வை போக குப்பைக்கும் பைசா கட்டிட்டுதான் வாறோம். அத இன்னும் கொஞ்சம் கூட்டி, கூடுற பைசாவ சாப்பாட்டுக் கழிவ உரமாவோ கேஸாவோ ஆக்குறதுக்கு மட்டும் செலவழிச்சா என்னன்னு நினைக்கேன். வலம்புரிவிளை குப்பைக் கிடங்குல தீப்பிடிச்சா சுத்துப்பட்டுல ஒருத்தருக்கும் மூச்சு விட முடியாது, அந்தத் தீக்கு பெரிய காரணமே அழுகுற குப்பை அடியில காத்தில்லாம கெடந்து எரியுற மீத்தேன் வாயு உண்டாகுறதுதான், அப்போ சாப்பாட்டுக் கழிவு அங்க போகாம நின்னாலே பாதி பாரம் குறையும் இல்லியா. ஆனா வீட்ல சொன்னா "இப்ப குடுக்குறதுக்கே ஒழுங்கா வண்டி வருதா"ன்னு கேக்காங்க. நீங்க என்ன சொல்லுதீங்க?

தக்கலை டீச்சர்:
கூட்டட்டும், ஆனா எல்லாருக்கும் ஒண்ணுபோல கூட்டக் கூடாது. திடக்கழிவு விதியிலயே கட்டணம் வாங்க உள்ளாட்சிக்கு வழி இருக்கு, ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல குப்பை போடுற இடங்கள அதே விதி தனியாத்தான் பிரிச்சு வச்சிருக்கு. முதல்ல அவங்ககிட்ட வாங்கணும். நம்ம ஊரு கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சு இலை எடுக்கும்போது நின்னு பாருங்க, தொடாத அவியல், எரிசேரி, பாதி பப்படம் எல்லாத்தையும் இலையோட சுருட்டி, அது மேலயே தண்ணி பாட்டிலும் பாயசம் குடிச்ச பேப்பர் கப்பும் போட்டு ஒரே சாக்குல கட்டிருவாங்க. இலையும் சோறும் அருமையா மக்கும், அந்தக் கப்புக்கு உள்ள பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, அது மக்கவே மக்காது.

வாழைத்தோட்டம்:
டீச்சர் சொன்னதுதான் விஷயமே. குப்பையில இருந்து ஆக்குன உரம்னு வாங்கி வாழைக்கு போட்டேன், சலிச்சு தந்ததுதான், கைய விட்டா கண்ணாடிச் சில்லும் ஷாம்பு பாக்கெட் துண்டும் வருது. எந்த விவசாயி ரெண்டாவது மூடை வாங்குவான்? அதனால கூடுற பைசா மெஷின் வாங்கப் போகக் கூடாது, வீட்டு வாசல்ல பிரிச்சு வாங்குறதுக்குப் போகணும், வண்டியில தனி டப்பா, தூய்மைப் பணியாளருக்கு கையுறை, சரியான தேதிக்கு சம்பளம் இதுக்கெல்லாம். உரமாக்குறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல அண்ணே, ஈரம் அதிகமானா நாறும், தேங்கா நார்க்கழிவும் காஞ்ச இலையும் கலந்து அப்பப்ப கிளறி விட்டா நாத்தம் நிக்கும், இது ரெண்டும் நம்ம மாவட்டத்துல கெடைக்காத சாமானா? மீன் சந்தை கழிவ மட்டும் இதுல சேக்காண்டாம், வெல்லம் சேத்து ஊற வச்சா மீன் அமிலம் ஆகும், செடிக்கு தெளிக்கலாம்.

குளச்சல்காரி:
எனக்கு சம்மதம் இல்ல. எங்க சந்துக்குள்ள வண்டியே நுழையாது, நாங்கதான் ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போறோம், நாங்க எதுக்கு கூட குடுக்கணும்? எங்க வீட்ல மிஞ்சுன சோறு கோழிக்கு, மரச்சீனி தொலியும் சக்க மடலும் ஆட்டுக்கு, மீன் கழுவுன தண்ணி தென்னம்மூட்டுக்கு, வண்டிக்கு போடுறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? தம்பி தென்கொரியாவுல வேலை பாக்கான், அங்க 2005ல இருந்தே சாப்பாட்டுக் கழிவ நேரா குப்பைக்கிடங்குல கொட்டக் கூடாதுன்னு தடை, 2013ல இருந்து போடுற அளவுக்குத்தான் கட்டணம், நிறைய அபார்ட்மெண்ட்ல கார்டை காட்டுனா டப்பா தொறந்து எடை போட்டுக்குமாம். கூட்டணும்னா அப்படிக் கூட்டுங்க, நிறைய போடுறவன் நிறைய குடுக்கட்டும்.

பார்வதிபுரத்துக்காரன்:
அக்கா நீங்க சொல்லுதது நியாயம், வீட்டுக்கு வீடு எடை போடுறது நம்ம ஊர்ல உடனே நடக்காது, ஆனா மண்டபத்துக்கும் ஹோட்டலுக்கும் தராசு வைக்க ஒரு தடையும் இல்ல. வீட்லயே உரமாக்குறவங்களுக்கு கட்டணத்துல தள்ளுபடி, கூடுற பைசாவுக்கு தனிக் கணக்கு, அத மாசாமாசம் வார்டுல ஒட்டணும், இத மூணையும் எழுதி அடுத்த ஏரியா சபையில குடுக்கப் போறேன். டீச்சர், அந்த 100 கிலோ விதிய மனுவுல எழுதித் தருவீங்களா?

தக்கலை டீச்சர்:
தாறேன், ஞாயித்துக்கிழமைக்குள்ள. வண்டி நுழையாத சந்துக்கு தள்ளுவண்டி வேணும்னு நாலாவதா சேத்துக்கோங்க.