பொது ஃபோல்டரில் ஒரு ஃபைல் மட்டும் திறக்குதில்ல: பேர்மிஷன மாத்தினது ஆர்?

நெல்லுக்கடை_ஐரி:
கல்முனைக்குக் கிட்ட ஒரு அரிசி ஆலை ஒபிஸ். விண்டோஸ் சேவர் 2019. ‘பொது’ ஷெயாருக்குள்ள (நெட்வேர்க்கில எல்லாரும் பாவிக்கிற ஃபோல்டர்) நெல் கொள்வனவு எக்செல் ஃபைல் கிடக்கு. பக்கத்தில கிடக்கிற மற்ற ஃபைல் எல்லாம் தராசடிப் பொடியனுக்குத் திறக்குது, இது மட்டும் ‘அக்சஸ் டினைட்’. ஆரோ வேணுமெண்டு பூட்டிட்டான் எண்டு முதலாளி ஒத்தக்கால்ல நிக்கிறார். அறுவடை நேரம், வாசல்ல லொறி வரிசை வேற. ஃபைல்ல ஆர் என்ன செய்தது எண்டு பதியட்டும் எண்டு குரூப் பொலிசியில (விண்டோஸ் செட்டிங்ஸ்) ‘ஓடிட் ஃபைல் சிஸ்டம்’ போட்டும் செக்கியூரிட்டி லொக்கில ஒண்டும் விழல்ல. ஆளப் பிடிக்கிறது எப்பிடி?

கல்லடிப்பாலம்:
பொலிசி மட்டும் காணாது. ஃபோல்டர்ட புரொப்பர்ட்டீஸ்ல செக்கியூரிட்டி, அட்வான்ஸ்ட், ஓடிட்டிங் போய் ‘எவ்ரிவன்’ சேர்த்து ‘சேஞ்ச் பேர்மிஷன்ஸ்’ டிக் பண்ணுங்க. பிறகு ஆராவது மாத்தினா லொக்கில 4670 எண்ட நம்பர்ல ஒரு பதிவு விழும். ஆற்ற அக்கவுண்ட், பழைய பேர்மிஷன், புதுசு எல்லாம் அதுக்குள்ள இருக்கும். ஷெயார் பேர்மிஷன் தனி: அத மாத்தினா 5143, அதுக்கு ‘ஓடிட் ஃபைல் ஷெயார்’ போடணும். நடந்து முடிஞ்சதுக்கு லொக் கிடைக்காது.

சாய்ந்தமருது_காக்கா:
தம்பி, கள்ளனத் தேட முதல் அந்த ஃபைலையும் பக்கத்து ஃபைலையும் பேர்மிஷனக் காட்டுற ஐகாக்ல்ஸ் (icacls) கட்டளையில போட்டுப் பாருங்க. இதில வேற குரூப் தெரிஞ்சா, அநேகமா ஆரும் பேர்மிஷன்ல கை வைக்கல்ல. வேற ஃபோல்டர்ல இருந்து கட் பண்ணிப் போட்டிருப்பாங்க. ஒரே டிரைவுக்குள்ள நகர்த்தின ஃபைல் பழைய பேர்மிஷனோடதான் வரும். கொப்பி பண்ணினாத்தான் புது ஃபோல்டர்ட பேர்மிஷன எடுக்கும்.

நெல்லுக்கடை_ஐரி:
அதேதான் காக்கா! ‘கணக்கு’ குரூப் மட்டும் காட்டுது. கணக்குப்பிள்ளையிட்டக் கேட்டன், தன்ட ஃபோல்டர்ல இருந்து இழுத்துப் போட்டதாம். ரெண்டும் டி டிரைவ். முதலாளிக்கு இத விளங்கப்படுத்திறதுதான் இனிப் பெரிய வேலை. முழு ஷெயாருக்கும் ஐகாக்ல்ஸ்ட ரீசெட் (பழைய பேர்மிஷன அழிச்சு, இருக்கிற ஃபோல்டர்ட பேர்மிஷன எடுக்க வைக்கிறது) அடிக்கட்டா? ‘டீடெய்ல்ட் ஃபைல் ஷெயார்’ ஓடிட்டும் போட்டு வைக்கலாமா?

சாய்ந்தமருது_காக்கா:
ரீசெட் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் போதும். முழுக்க அடிச்சா, தனித்தனியாக் கையால குடுத்த பேர்மிஷன் எல்லாம் போயிரும். எதுக்கும் முதல்ல ஐகாக்ல்ஸ்ட ‘சேவ்’ ஒப்ஷன்ல இப்ப இருக்கிறத எழுதி வைங்க. பிறகு மாதா மாதம் எடுத்து ஒப்பிடலாம். டீடெய்ல்ட் வேணாம் தம்பி. ஆரு எந்த ஃபைலத் தொட்டாலும் 5145 விழும். லொக் நிரம்பிப் பழசு அழியேக்க, நீங்க தேடுற 4670உம் அதோட போயிரும்.