சின்ன ஆங்கிலச் சொல் ஒன்று உங்களை எங்கே மாட்டிவிட்டது?

பனியன் நகர்:
நானே தொடங்கிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்த மூன்றாவது மாதம், எங்களிடம் வாங்கும் இங்கிலாந்து பையரிடமிருந்து மெயில் வந்தது. சிவப்பு டீ-சர்ட்டுக்கு வெள்ளைக் காலர். பாடி கலர் ‘ஃபாஸ்ட்’ ஆக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சாயப்பட்டறைக்கு போன் போட்டு, “அண்ணா, பார்ட்டி சீக்கிரமா கேக்கறாங்க” என்றேன். ஃபாஸ்ட் என்ற சொல்லை அப்படியே சொல்லியிருந்தால்கூட அந்த அண்ணனுக்குப் புரிந்திருக்கும், சாயம் போகக்கூடாது என்பதுதான் அங்கே அதற்கு அர்த்தம். நான் தமிழாக்கிச் சொல்லிக் கெடுத்தேன். அவரும் எனக்காக சோப்பிங் நேரத்தை, அதாவது ஒட்டாத சாயத்தைச் சோப்பு போட்டு அலசி எடுக்கும் நேரத்தைக் குறைத்து, துணியை இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்தார். வாஷ் டெஸ்ட் முடிந்து சாம்பிளை வெளியே எடுத்தபோது வெள்ளைக் காலர் ரோஸ் கலரில் இருந்தது. ஓரத்தில் மட்டும் இல்லை, தையல் வரைக்கும். அந்த ஈரக் காலரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

சேலத்துக்காரி:
எனக்கும் அதே சொல்தான். அப்பாவுக்கு சுகர் டெஸ்ட். லேபில் இருந்த பெண் “நாளைக்கு ஃபாஸ்டிங்ல வாங்க” என்று, அதாவது வெறும் வயிற்றோடு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மறுநாள் காலை நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏறக்குறைய ஓடியே போயிருக்கிறார். அறுபத்தெட்டு வயது. நான் பின்னால் ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கவுன்ட்டரில் நிற்கிறார். “சாப்பிட்டீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டதும், “வேகமாத்தான்மா வந்தேன்” என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

தாமிரபரணிக்காரன்:
நெல்லைப் பக்கம் ஒன்பது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அப்புறம் துபாய் போய் லைசென்ஸ் டெஸ்ட். ரவுண்டானா வருகிறது. பக்கத்தில் இருந்த அதிகாரி “ரைட்” என்றார். நம் காதுக்கு ரைட் என்றால் என்ன? வண்டியை எடு, போ. நேரே விட்டேன். அவர் இரண்டாவது முறை “ரைட், ரைட்!” என்று சத்தமாகச் சொன்னார். நான் இன்னும் வேகம் கூட்டினேன். பிரேக்கை அவரே மிதித்தார். ஃபெயில். வலது பக்கம் திரும்பச் சொன்னார் என்பது இறங்கிய பிறகுதான் மண்டையில் ஏறியது. அதைச் சொல்லி விளக்கவும் என்னிடம் ஆங்கிலம் இல்லை.

சேலத்துக்காரிக்கு ஒன்று: லேப் பெண்மேல் தப்பு இல்லை. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்லும் வார்த்தை அது.

கிள்ளான் வாசி:
நூறு பேரிடம் சொல்வதால்தான் கவனமாகச் சொல்ல வேண்டும், தாமிரபரணி. இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

1989 பிப்ரவரி 19, கோலாலம்பூர் சுபாங் விமான நிலையம். சிங்கப்பூரிலிருந்து வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம், போயிங் 747. கட்டுப்பாட்டு அறை ‘டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றது, அதாவது 2,400 அடிக்கு இறங்கு. விமானியின் காதில் அந்த ‘டூ’ எண்ணாக விழவில்லை, ‘400க்கு’ என்று விழுந்தது. “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று திருப்பிச் சொன்னார். அதை யாரும் திருத்தவில்லை. விமானம் மலையில் மோதி, அதில் இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள்.

இதையெல்லாம் படித்திருந்தும் நானே அதில் விழுந்தேன். சரக்குக் கிடங்கில் இரவு ஷிஃப்ட். வாக்கி-டாக்கியில் ‘சென்ட் டூ பே ஃபோர்’ என்று வந்தது. ஐந்து டிராலியில் கோழிக்குஞ்சுப் பெட்டிகள். இரண்டை மட்டும் நான்காம் பேவுக்கு, அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் நான்காவது இடத்துக்கு அனுப்பினேன். அந்த ‘டூ’ இரண்டு இல்லை, ‘பேவுக்கு’ என்பதில் வரும் ‘க்கு’. அவர்கள் கேட்டது ஐந்தையும். மற்ற மூன்றும் விடியும்வரை வெளியே நின்றன, மழைச்சாரலில். காலையில் நான் போய்ப் பார்த்தபோது ஒரு பெட்டியிலிருந்து சத்தமே வரவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
‘தி ஸ்பிரிங் வாஸ் டிரை’ என்பதை ஒன்பதாம் வகுப்புப் பையன் ‘வசந்தம் வறண்டது’ என்று மொழிபெயர்த்தான். ஊற்று என்று எழுதாததால் பூஜ்யம் போட்டேன். “எங்க ஊர்ல ரெண்டும் ஒரே மாசத்துலதான் சார் வறளும்” என்றான். அரை மதிப்பெண்ணாவது கொடுத்திருக்கலாம்.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். சின்னச் சொல்லை அர்த்தப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 400க்கு மேல் அர்த்தங்கள். எவன் மனப்பாடம் செய்வான்? வேரைப் பிடியுங்கள். ஸ்பிரிங் என்றால் துள்ளி எழுவது. பூமியிலிருந்து துள்ளினால் ஊற்று, கிளையிலிருந்து தளிர் துள்ளினால் வசந்தம், அழுத்தி விட்டதும் துள்ளினால் கட்டில் ஸ்பிரிங். ஃபாஸ்ட் என்பதற்கு ஆதியில் ‘உறுதி’ என்றுதான் பொருள். துணியை உறுதியாகப் பிடித்த சாயம் ஃபாஸ்ட். விரதத்தை உறுதியாகப் பிடித்தால் அதுவும் ஃபாஸ்ட். விடாப்பிடியாக ஓடுவதைச் சொல்லப்போய்த்தான் வேகம் என்ற பொருள் பின்னால் வந்தது. நம் நோன்பும் அப்படித்தானே, நோற்பது என்றால் பொறுத்துத் தாங்குவது. தினம் ஒரு சொல், அதன் பக்கத்தில் வரும் துணைச்சொல்லோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள். ‘படி’ என்று நாம் சொன்னால் வாசி என்பதா, மாடிப்படியா, அரிசி அளக்கும் படியா என்று யாராவது தடுமாறுகிறோமா? பக்கத்துச் சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

பனியன் நகர்:
ஐயா, போனில் பேசும்போது நோட்டைப் புரட்ட நேரம் ஏது? புரியவில்லை என்றால் “சாயம் போகாமலா, சீக்கிரமாகவா?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். அன்றைக்கு நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டால் வேலை தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

சேலத்துக்காரி:
வாத்தியார் ஐயா, நோன்பு என்றதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்பா முப்பது வருஷமாக வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர். ‘விரதம் மாதிரி வெறும் வயித்தோட வாங்க’ என்று யாராவது சொல்லியிருந்தால் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். வியாழக்கிழமை மறுபடி டெஸ்ட். லேப் சீட்டின் பின்னால் ‘வெறும் வயிறு, மெதுவாகப் போகவும்’ என்று எழுதி அவர் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.