15 வாட் ஆம்ப்புக்கு 15 வாட் ஸ்பீக்கர் வைப்பவர்கள் ஒன்றும் தெரியாதவர்களா?

வால்வுக்காதலன்:
கைவேலை கிட்டார் ஆம்ப்புகளை (ஒலிபெருக்கிகளை) பற்றிய பேச்சில் ஓம்விதி எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "கையால் செய்த ஆம்ப் வாங்குகிறவர் ஈயப் பற்றுக்குத்தான் காசு கொடுக்கிறார். ஒலியைத் தீர்மானிப்பது ஸ்பீக்கர். அதிலும் 15 வாட் ஆம்ப்பில் 15 வாட் அல்னிகோ ப்ளூவைப் பொருத்தி விற்பவர்களுக்கு மின்னியலின் அரிச்சுவடிகூடத் தெரியாது."

ஈயப் பற்றைப் பற்றிச் சொன்னதற்குச் சாலிடர்புகை வந்து பதில் சொல்லட்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் என்னால் விட்டுவிட முடியாது. வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி30 ஆம்ப் எத்தனை வாட்? 30. அதில் வைத்த செலஸ்டியன் ப்ளூ, அதாவது இதே அல்னிகோ காந்த ஸ்பீக்கர், எத்தனை? இரண்டு. ஒவ்வொன்றும் எத்தனை வாட் தாங்கும்? 15. அந்த ஆம்ப்பை வடிவமைத்த டிக் டென்னிக்கு அரிச்சுவடி தெரியாதா? குயின் இசைக்குழுவின் பிரையன் மே வாழ்நாள் முழுக்க வாசித்தது தெரியாதவர்கள் செய்த பெட்டியிலா? பதில் வேண்டும்.

ஓம்விதி:
பதில் தருகிறேன். ஆம்ப்பின் மேல் எழுதியிருக்கும் 15 வாட் என்பது அலை சிதையாமல் இருக்கும் வரை கிடைக்கும் அளவு. குமிழை முழுக்கத் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது. உச்ச மின்னழுத்தம் ஒன்றாக இருக்கும்போது சதுர அலையின் திறன் சைன் அலையின் திறனைப் போல் இரண்டு மடங்கு. ஸ்பீக்கருக்குள் போகும் திறனில் சில விழுக்காடுதான் ஒலியாக வெளியே வருகிறது. மீதி முழுவதும் சுருளில் வெப்பம். 15 வாட் வெப்பத்துக்குச் சுற்றிய சுருளில் 25 வாட்டைத் தொடர்ந்து ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல டென்னி தேவையில்லை.

ஏசி30-ஐச் சான்றாகக் கொண்டுவருகிறீர்கள். வானொலிப் பெட்டிக்காகச் செய்த ஜி12 வகை ஸ்பீக்கரை வலுப்படுத்தி அதில் வைத்தார்கள். அந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்ததைப் பொருத்தினார்கள் என்பதற்கு மேல் அதில் எந்தத் தத்துவமும் இல்லை.

வால்வுக்காதலன்:
மின்வழங்கி அசையாமல் நின்றால்தான் உங்கள் இரண்டு மடங்கு. ஃபெண்டரின் 5இ3 ட்வீட் டீலக்ஸ் வரைபடத்தை ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா? வெளியீட்டுக்கு இரண்டு 6வி6 வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்), அவற்றின் ஓய்வுநிலை மின்னோட்டத்தை அமைக்கக் கேத்தோடு பயாஸ், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க 5ஒய்3 வால்வு ரெக்டிஃபயர். பலமாக மீட்டினால் மின்னழுத்தம் சரிகிறது, திறனும் கூடவே சரிகிறது. விரலுக்கு அடியில் அந்த இழுவையை உணர்வதற்காகத்தான் இன்றைக்கும் கையால் இதைச் செய்கிறார்கள். கால்குலேட்டரில் சதுர அலை வரைகிறவருக்கு இது தெரிய நியாயமில்லை.

15 வாட் ஆம்ப், 15 வாட் ப்ளூ. வேலை செய்கிறது. வேலை செய்துகொண்டே இருக்கிறது.

கிரீன்பேக் ரசிகன்:
ஏன் இருவரும் ப்ளூவையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? செலஸ்டியனின் இன்னொரு ஸ்பீக்கரான ஜி12எம் கிரீன்பேக் 25 வாட் தாங்கும். செராமிக் காந்தம். நடு அலைவரிசையில் அதற்கு இருக்கும் இனிமை எந்த அல்னிகோவுக்கும் கிடையாது. அதைப் பொருத்திவிட்டால் சண்டையே இல்லை.

வால்வுக்காதலன்:
கிரீன்பேக்கின் உணர்திறன், அதாவது ஒரே திறனுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது, 98 டெசிபெல், ப்ளூவின் உணர்திறன் 100. அந்த 2 டெசிபெல்லை ஆம்ப் பக்கமிருந்து ஈடுகட்ட ஏறக்குறைய 1.6 மடங்கு திறன் வேண்டும். சின்ன ஆம்ப் வைத்திருப்பவருக்கு இது பெரிய இழப்பு. ப்ளூவின் மேல் சுருதிகளில் இருக்கும் மணியோசை வேறு. கிரீன்பேக் நல்ல ஸ்பீக்கர், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி அதுவல்ல. 15 வாட் ஆம்ப்புக்கு 15 வாட் ஸ்பீக்கர் வைப்பவர் ஒன்றும் தெரியாதவரா என்பதுதான் கேள்வி.

சாலிடர்புகை:
"ஈயப் பற்றுக்குத்தான் காசு" என்ற வரிக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இது என் கைத்தொழில்.

டிரெயின்ரெக் எக்ஸ்பிரஸ் என்று ஒரு ஆம்ப். செய்தவர் கென் ஃபிஷர், 2006-இல் மறைந்தார். தன் ஆம்ப்புகளுக்கு எண் போடாமல் பெண்களின் பெயர்களை வைத்தவர். அதன் வரைபடம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும், உதிரிப்பாகங்கள் எல்லாருக்கும் கிடைக்கும். இருந்தும் அதைக் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கம்பியை விரல் நுனியளவு தள்ளி வைத்தால் ஊளையிடத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் பாடும். எந்தக் கம்பி எதன் அருகில் போகிறது, எங்கே வளைகிறது, வால்வின் கிரிட்டுக்குப் போகும் கம்பி எவ்வளவு நீளம் என்று காதால் கேட்டுக்கேட்டு அடுக்கியவர் அவர். வாங்குகிறவர் அந்தக் காதுக்குக் கொடுக்கிறார் காசு. ஈயத்துக்கு அல்ல.

ஓம்விதி:
உங்கள் வாதம் எனக்குத்தான் உதவுகிறது, சாலிடர்புகை. கம்பியின் இடம் அவ்வளவு முக்கியம் என்றால், சரியான இடத்தை ஒருமுறை கண்டுபிடித்து அச்சுப் பலகையில் (பிசிபி) பதித்துவிட வேண்டியதுதானே? ஆயிரம் பலகை அடித்தாலும் கோடு அதே இடத்தில் இருக்கும். கையில் செய்யும்போதுதான் ஒன்று பாடுகிறது, இன்னொன்று ஊளையிடுகிறது.

மேலும், கைவேலைக்காரர்களே 15 வாட்டுக்கு 15 வாட் வைப்பதில்லை. மேட்ச்லெஸ் நிறுவனத்தின் டிசி-30: 30 வாட் ஆம்ப், உள்ளே ஒரு ஜி12எம் ஸ்பீக்கர், ஒரு ஜி12எச் ஸ்பீக்கர். 25-உம் 30-உம் சேர்த்தால் 55. கைவேலை ஆம்ப் செய்த ஹோவர்ட் டம்பிளின் 100 வாட் ஆம்ப்புகளோடு சேர்ந்து பேசப்படும் ஸ்பீக்கர் எலெக்ட்ரோ-வாய்ஸ் இவிஎம்12எல். அது 200 வாட் தாங்கும். இவர்களெல்லாம் ஏன் இடம் விட்டு வைத்தார்கள்? வால்வுக்காதலன் சொல்லட்டும்.

பழையகம்பி:
இங்கே "கைவேலை, கைவேலை" என்கிறீர்களே, விளம்பரங்களில் புள்ளிக்குப் புள்ளி இணைப்பு என்று போடுவதில் பெரும்பாலானவை அப்படி இல்லை என்பதையும் சொல்லுங்கள். ஃபெண்டரின் ட்வீட் ஆம்ப்புகளில் இருந்தது கண்ணிகள் பதித்த ஃபைபர் பலகை. மார்ஷலின் தொடக்கக்கால ஆம்ப்புகளில் இருந்தது டரெட் (சிறு உலோகத் தூண்கள் பதித்த) பலகை. மேட்ச்லெஸ்தான் உண்மையில் முனைகளிலிருந்து முனைகளுக்கு நேராகப் பாகங்களை இணைத்தது. இதை முன்பு இங்கே நடந்த டிரான்ஸ்ஃபார்மர் பேச்சிலேயே சொன்னேன். அப்போது என்னைக் குழப்பவாதி என்றவர் வால்வுக்காதலன். நான் மறக்கவில்லை.

வால்வுக்காதலன்:
பழையகம்பி, அன்றும் பேச்சைத் திசைதிருப்பினீர்கள், இன்றும் அதையே செய்கிறீர்கள்.

ஓம்விதிக்கு வருகிறேன். மேட்ச்லெஸ் இரண்டு வேறு ஸ்பீக்கர்களைக் கலந்தது ஒலிக்காக. ஜி12எம் நடுவை நிரப்புகிறது, ஜி12எச் அடியையும் விளிம்பையும் இறுக்குகிறது. வாட்டைக் கூட்டிப் பார்த்து யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. டம்பிளின் கதை வேறு. அவர் ஆம்ப்பிலேயே நிறத்தை முடித்துவிட்டு, அதை அப்படியே வெளியே தள்ளும் கனத்த ஸ்பீக்கரைத் தேடினார். 2022-இல் அவர் மறையும் வரை எபாக்ஸி ஊற்றி மூடிய சுற்றுகளைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்தது. அந்த ஆம்ப்பின் விதியை ட்வீட் டீலக்ஸுக்குப் பூட்டுகிறீர்கள்.

இனி இந்தப் பேச்சில் யாருமே தொடாத விஷயம். 5இ3-இலும் ஏசி30-இலும் எதிர்மறைப் பின்னூட்டம், அதாவது வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து ஆம்ப்பைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு, கிடையாது. அதனால் வெளியீட்டு மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) அதிகம். ஸ்பீக்கரின் மேல் 8 ஓம் என்று எழுதியிருக்கிறதே, அது ஸ்பீக்கரின் மின்மறுப்புக்கு ஒரு பெயரளவு எண். 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒத்ததிர்வில் அது பல மடங்கு ஏறும். பிறகு இறங்கும். மேல் சுருதிகளில் சுருளின் தூண்டத்தால் மறுபடி ஏறும். பின்னூட்டம் உள்ள ஆம்ப் இந்த ஏற்ற இறக்கத்தை அடக்கி வைக்கும். இல்லாத ஆம்ப் அதன் பின்னாலேயே போகும். ஸ்பீக்கர் எங்கே ஏறுகிறதோ அங்கே ஆம்ப்பும் உரத்துப் பேசும். அதாவது ஸ்பீக்கரை மாற்றினால் ஆம்ப்பே மாறுகிறது, ஆம்ப்பை மாற்றினால் அதே ஸ்பீக்கர் வேறாகிறது. வீணையில் தந்தி முக்கியமா, குடம் முக்கியமா என்று யாராவது அடித்துக்கொள்வார்களா?

கையால் ஆம்ப் செய்கிற நல்ல தொழிலாளி இந்த இணையைக் காதால் கேட்டு முடிவு செய்கிறார். பெட்டியின் பின்புறத்தை எவ்வளவு திறந்து விடுவது, பலகை பைனா பிளைவுட்டா, எல்லாம் அதில் அடக்கம். அப்படி ஒருவர் 15 வாட் ஆம்ப்புக்கு 15 வாட் ப்ளூதான் என்று கேட்டு முடிவு செய்த பிறகு, அவருக்கு அரிச்சுவடி தெரியாது என்று சொல்ல ஓம்விதி யார்?

புதுவிரல்:
ஐயா, நான் இந்தத் துறைக்குப் புதியவன். என்னிடம் ஒருவர் கையால் செய்த 5இ3 வகை ஆம்ப் இருக்கிறது. வெளியீடு 8 ஓம். எனக்குக் கிடைத்திருக்கும் ப்ளூ 16 ஓம். போடலாமா? ஒலி கெடுமா?

ஓம்விதி:
முதலில் அது 15 வாட் ஸ்பீக்கர் என்பதைக் கவனியுங்கள் தம்பி. ஓம் பற்றி அப்புறம் பேசலாம்.

வால்வுக்காதலன் எழுதியதைப் படித்தேன். நீளமான உரை. அதன் சாரம் என்ன? ஸ்பீக்கர்தான் ஆம்ப்பையே மாற்றுகிறது. நான் முதலில் எழுதியதும் அதுதான். நன்றி.

வால்வுக்காதலன்:
நீங்கள் எழுதியது அதுவல்ல. நீங்கள் எழுதியது அரிச்சுவடி தெரியாது என்று. எழுதியது அழியாது.

கிரீன்பேக் ரசிகன்:
புதுவிரல், 8 ஓம் கிரீன்பேக் வாங்கிவிடுங்கள். 25 வாட். கவலையற்றுத் தூங்கலாம்.

சாலிடர்புகை:
தம்பி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 8 ஓம் முனையில் 16 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் வால்வுகள் பார்க்கும் சுமை இரண்டு மடங்காகும், பொதுவாகத் திறன் குறையும், ஒலியும் கொஞ்சம் மாறும். அளவாக வாசித்தால் உடனே எதுவும் வெடிக்காது. ஆனால் எப்போதும் முழுக்கத் திருப்பி வாசிக்கும் பழக்கம் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கரையே தேடிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரே இணைக்காமல் மட்டும் வால்வு ஆம்ப்பை ஒருபோதும் வாசிக்காதீர்கள். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பழையகம்பி:
டிரான்ஸ்ஃபார்மர் என்றதும் நினைவுக்கு வருகிறது. கையால் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்தான் உயர்ந்தது என்று அந்தப் பேச்சில் சாலிடர்புகை அடித்துச் சொன்னார். சுற்றுகளின் எண்ணிக்கையும் அடுக்கும் தகடும் ஒன்றாக இருந்தால் கை சுற்றினால் என்ன, இயந்திரம் சுற்றினால் என்ன என்று கேட்டேன். இன்று வரை பதில் இல்லை.

சாலிடர்புகை:
பதில் சொன்னேன். நீங்கள் படிக்கவில்லை. முதன்மைச் சுருள், துணைச் சுருள் ஆகியவற்றின் அடுக்குகளை எப்படி ஒன்று மாற்றி ஒன்றாக இடைமாற்றிச் சுற்றுகிறோம் என்பதில் இருக்கிறது வித்தியாசம் என்று எழுதினேன்.

பழையகம்பி:
இயந்திரமும் இடைமாற்றிச் சுற்றும்.

ஓம்விதி:
ஒரே ஒரு சோதனை போதும். ஒரே வரைபடம், ஒரே மதிப்புள்ள பாகங்கள். ஒன்று கைவேலை, ஒன்று அச்சுப் பலகை. இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே ஸ்பீக்கரில் இணைத்து, திரைக்குப் பின்னால் வைத்து வாசிப்போம். வால்வுக்காதலன் எது எது என்று சொல்லட்டும். சொல்லிவிட்டால் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.

வால்வுக்காதலன்:
திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பவனுக்கு ஆம்ப் தெரியாது, வாசிப்பவனுக்குத்தான் தெரியும். விரலுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நடப்பதைக் கேட்பவன் காது பாதிதான் பிடிக்கும். நானே வாசிக்கிறேன் என்றால் சோதனைக்கு வருகிறேன்.

இன்னொன்று. அச்சுப் பலகை ஆம்ப் பத்து ஆண்டுகள் கழித்துப் பழுதானால் என்ன செய்வீர்கள்? பலகையிலேயே வால்வு சாக்கெட்டைப் பொருத்தியிருந்தால் வெப்பத்தில் தடம் உரியும். கைவேலை ஆம்ப்பில் ஒரு மின்தடையைக் கழற்றி இன்னொன்றைப் பற்றவைத்தால் முடிந்தது. ட்வீட் காலத்து ஆம்ப்புகள் இன்றும் மேடையேறுகின்றன என்றால் பழுது பார்க்க முடிகிற வேலை அது என்பதால்தான்.

ஓம்விதி:
சாக்கெட்டைச் சட்டகத்தில் பொருத்திவிட்டு மற்றதைப் பலகையில் வைக்கும் ஆம்ப்புகளும் இருக்கின்றன. வசதியாக மறந்துவிட்டீர்கள். ஒலியைப் பற்றிப் பேச வந்தவர் பழுது பார்ப்பதற்குத் தாவிவிட்டார். என் கேள்வி அப்படியே இருக்கிறது: முழுக்கத் திருப்பிய 15 வாட் ஆம்ப் 15 வாட்டோடு நிற்கிறதா, இல்லையா?

வால்வுக்காதலன்:
என் கேள்வியும் அப்படியே இருக்கிறது: ஏசி30-இல் இருந்தது இரண்டு 15 வாட் ப்ளூவா, இல்லையா?

ஓம்விதி:
இருந்தது. எரிந்ததும் உண்டு. என் கண் முன்னாலேயே ஒரு ப்ளூவின் சுருள் புகைந்திருக்கிறது. புதுக் கூம்பு ஒட்டிக் கொண்டுவந்தார்கள். பழைய ஒலி திரும்பவில்லை.

வால்வுக்காதலன்:
எந்த ஆம்ப்பில்? எந்த வால்வோடு? பயாஸ் என்ன இருந்தது? யார் பழுது பார்த்தது? எதுவும் சொல்லாமல் "புகைந்தது" என்றால் நான் நம்ப வேண்டுமா? 15 வாட் ப்ளூவைப் பல ஆண்டுகளாக 15 வாட் கைவேலை ஆம்ப்பில் வைத்து வாசிக்கிறவன் நான். குமிழ் பாதிக்குக் கீழே இறங்கியதே இல்லை.

கிரீன்பேக் ரசிகன்:
கிரீன்பேக்காக இருந்திருந்தால் புகைந்திருக்காது.

பழையகம்பி:
சாலிடர்புகை, இயந்திரம் இடைமாற்றிச் சுற்றுமா, சுற்றாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

புதுவிரல்:
ஐயா, 8 ஓம் ப்ளூ ஒன்று கிடைக்கும்போல் இருக்கிறது. அதுவும் 15 வாட்தானா?

ஓம்விதி:
15 வாட்தான். வாங்காதீர்கள்.

வால்வுக்காதலன்:
15 வாட்தான். வாங்குங்கள்.