சினர்ஜி = ஒத்துழைப்பு? மருந்தியலில் எப்படி எழுதுவது

கேள்வி:
மருந்தியல் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். சினர்ஜி வரும் இடமெல்லாம் 'ஒத்துழைப்பு' என்று போடலாமா?

பதில் 1:
வேண்டாம். ஒத்துழைப்பு என்பது செயல். சினர்ஜி அதன் விளைவு. அதுவும் தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையை மிஞ்சினால்தான் அந்தப் பெயர். 2-உம் 3-உம் சேர்ந்து 5 வந்தால் வெறும் கூட்டல் விளைவு, 8 வந்தால் சினர்ஜி. கிரேக்க மூலத்துக்குச் 'சேர்ந்து வேலை செய்தல்' என்றுதான் பொருள். குழப்பமே அங்கிருந்துதான் வருகிறது.

பதில் 2:
சினர்ஜிக்கு உதாரணமாக, பாக்டீரியாவுக்கு எதிரான இரண்டு மருந்துகள் சேர்ந்த கோ-டிரைமாக்சசோல் மாத்திரையைப் பாருங்கள்: சல்ஃபாமெத்தாக்சசோல் 400 மி.கி., டிரைமெத்தோப்ரிம் 80 மி.கி. பாக்டீரியா தன் வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலேட் என்ற சத்தைத் தயாரிக்கும் பாதையில் இரண்டும் வெவ்வேறு படிகளை அடைக்கின்றன.

ஆய்வகத்தில் சினர்ஜியை எஃப்ஐசி (FIC) குறியீட்டால் அளப்பார்கள்: ஒவ்வொரு மருந்துக்கும் சேர்க்கையில் தேவைப்படும் அளவைத் தனியாகத் தேவைப்படும் அளவால் வகுத்து, இரண்டையும் கூட்டுவார்கள். கிருமியைத் தடுக்க முதல் மருந்து தனியாக 8 அலகு தேவை, சேர்க்கையில் 2 போதும்: 0.25. இரண்டாவது 4-லிருந்து 1-க்கு இறங்கினால் இன்னொரு 0.25. மொத்தம் 0.5. அந்த அளவோ அதற்குக் கீழோ இருந்தால்தான் சினர்ஜி. மொத்தம் 4-ஐத் தாண்டினால் ஒரு மருந்து இன்னொன்றின் வேலையைக் கெடுக்கிறது என்று பொருள். 0.8 வந்ததையும் சினர்ஜி என்று எழுதிவிடுகிறார்கள், தப்பு.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் 'கூட்டுவிளைவு'?

பதில் 3:
கூட்டல் விளைவோடு குழம்பும். 'மிகைக் கூட்டுவிளைவு' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். நிறுவன இணைப்புச் செய்தி என்றால் கதையே வேறு. அங்கே பெரும்பாலும் 'இணைப்பால் மிச்சமாகும் செலவு' என்றே எழுதிவிடலாம்.